இரண்டு வருஷம் என்றுதான் சேர்த்தோம்: கம்யூனிட்டி காலேஜில் இருந்து யூசிக்கு மாறும் பாடு

வாடகைவீடு
ஜனவரி 11

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஹைஸ்கூல் முடித்ததும் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பட்டத்தின் முதல் இரண்டு வருஷப் பாடம் நடத்தும் அரசுக் கல்லூரியில் சேர்த்தோம். கலிபோர்னியாவில் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர், இரண்டு வருஷத்துக்கான 60 யூனிட்டுக்கு 2,760. அவன் சேர்ந்தது செமஸ்டரை விடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறைக் கல்லூரி என்பதால் யூனிட்டுக்கு 31 டாலர், ஆனால் 90 யூனிட் வேண்டும். சுற்றிப் பார்த்தால் ஏறக்குறைய அதே தொகைதான். யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 15,000 டாலரை ஒட்டி வருகிறது, தங்குவதும் சாப்பாடும் தனி. இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே, கடைசியில் கைக்கு வருவது அதே யூசி பட்டம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

முதல் வருஷம் கால்குலஸ் 1ஏ, 1பி இரண்டும் முடித்தான். இரண்டிலும் ஏ. கோடையில் வாடகை தாங்காமல் வேறு ஊருக்கு மாறினோம். அங்கே பக்கத்தில் இருப்பது செமஸ்டர் கல்லூரி. இங்கே கால்குலஸ் மூன்று துண்டு, பழைய இடத்தில் நான்கு துண்டு. சீரிஸ் என்ற பகுதி அங்கே மூன்றாவது துண்டில் வரும், இங்கே இரண்டாவதின் பின்பாதியில் வருகிறது. ஆக முன்பாதி தெரிந்த பையன் பின்பாதிக்காக முழு செமஸ்டரும் உட்கார வேண்டும். சரி, அதையாவது எடுக்கலாம் என்றால், பழைய மதிப்பெண்ணைப் பார்த்து 'ப்ரீரெக்விசிட்' (முன்பாடம் முடித்ததற்கான) அனுமதி தருவதற்குள் வகுப்பு நிரம்பிவிட்டது. இலையுதிர் பருவம் முழுக்கக் கணக்கே இல்லாமல் போனது. கணினி அறிவியல் மேஜர் (பட்டத்தின் முக்கியப் பாடம்) கேட்கும் கணக்குகளை இந்த ஆண்டுக்குள் முடிக்க முடியாது என்பதால் நவம்பரில் விண்ணப்பமும் போடவில்லை. மூன்றாவது வருஷம் உறுதி.

இரண்டுமே அரசுக் கல்லூரிகள், ஒரே மாநிலம். நியூட்டனும் லைப்னிட்ஸும் சண்டை போட்டது போதாதென்று இவர்களும் கால்குலஸை இரண்டு விதமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை யாராவது சரி செய்கிறார்களா? எங்கள் நிலைமையில் மிச்சம் மீட்க ஏதாவது இருக்கிறதா?


இர்வைன்_மாணவி
ஜனவரி 11

அங்கிள், இதே கதை என் வகுப்பில் நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன். ஊர் மாறியவர்கள், அப்பா வேலை போனவர்கள். எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லும் கல்லூரிக் கவுன்சலரைக் குறை சொல்லியும் பயனில்லை. அரை மணி நேர அப்பாயின்ட்மென்ட்டுக்கே மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.


கரும்பலகை
ஜனவரி 12

நான் இரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் பகுதிநேரமாகக் கணக்கு எடுக்கிறேன். ஒன்று குவார்ட்டர், ஒன்று செமஸ்டர். அதனால் உங்கள் மகனின் தலைவலி எனக்கு வாரத்துக்கு நாலு நாள் காரில் வரும் தலைவலிதான்.

முதலில் உங்கள் கேள்வி. கால்குலஸ் 2 முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டாம். பழைய கல்லூரியிலேயே மூன்றாவது துண்டான 1சி-யை ஆன்லைனில் எடுக்கச் சொல்லுங்கள். வீடு மாறினால் கல்லூரியும் மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டணமும் மாநிலம் முழுக்க ஒன்றுதான். முடிந்தால் 1டி-யையும் அங்கேயே முடிக்கட்டும். காரணம் இருக்கிறது. அசிஸ்ட் தளத்தில் போய்ப் பாருங்கள், எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்குச் சமம் என்று அதிகாரபூர்வமாகப் போட்டிருக்கும் இடம் அது. கால்குலஸ், இயற்பியல் போன்றவற்றைப் பல வளாகங்கள் தனித்தனிப் பாடமாகப் பார்ப்பதில்லை, கோர்வையாகத்தான் ஏற்றுக்கொள்ளும். பாதி அங்கே, பாதி இங்கே என்று கலந்தால் நடுவில் ஒரு தலைப்பு விழுந்துவிடும், அல்லது ஒரே தலைப்பு இரண்டு முறை வரும்.

இப்போது ஏன் இப்படி என்பது. இங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள், 73 கல்லூரி மாவட்டங்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழு, ஒவ்வொரு கல்லூரிக்கும் சொந்தப் பாடத்திட்டக் குழு. இந்தப் பக்கம் இளநிலை மாணவர்களை எடுக்கும் யூசி வளாகங்கள் 9, கால் ஸ்டேட் என்கிற கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்கள் இருபதுக்கு மேல். ஒரே மேஜருக்கு ஒரு வளாகம் ஜாவா கேட்கும், இன்னொன்று சி பிளஸ் பிளஸ் கேட்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் நாளே "நான் எந்த வளாகம் போவேன்" என்று தெரிந்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தால்தான் யூனிட் வீணாகாது. அது யாருக்குத் தெரியும்?


பாலிடெக்னிக்_2003
ஜனவரி 12

படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது, மன்னிக்கணும். நான் திருநெல்வேலிப் பக்கம் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவன். காரைக்குடியில் கவுன்சலிங். டிப்ளமோ மார்க்ஷீட்டைக் காட்டினேன், தரவரிசைப்படி கூப்பிட்டார்கள், பிராஞ்சும் கல்லூரியும் எடுத்துக்கொண்டு வந்தேன். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் போட்ட ஒரே சிலபஸ், ஒரே தேர்வு. நாகர்கோவிலில் படித்தாலும் சேலத்தில் படித்தாலும் ஒன்றுதான்.

அமெரிக்கா வந்து இருபது வருஷம் ஆகிறது. நம்ம ஊர் அரசாங்கம் எதையாவது எளிதாகச் செய்தது என்று சொல்ல வாய்ப்பே கிடைத்ததில்லை, இதைச் சொல்லிக்கொள்கிறேன்.


குறுக்குக்கேள்வி
ஜனவரி 13

பாலிடெக்னிக் அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். சேர்ந்த முதல் செமஸ்டரில் எம்-3 கணக்குப் பேப்பர் என்ன ஆச்சு?


பாலிடெக்னிக்_2003
ஜனவரி 13

அரியர். இரண்டாவது முறை 51. அதை ஏன் கிளறுகிறீர்கள்.


குறுக்குக்கேள்வி
ஜனவரி 13

கிளறக் காரணம் இருக்கிறது. உள்ளே விடுவது எளிது, உள்ளே போனவன் நிற்பதுதான் கஷ்டம். முதலாண்டுக் கணக்கைத் தாண்டிக் குதித்த டிப்ளமோ மாணவர்கள் ஃபூரியரில் முழித்ததை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் நான் ரெகுலர் மாணவன்.

இங்கே எல்லாரும் "எளிதாக்கு எளிதாக்கு" என்கிறீர்கள். யூசி பெர்க்லியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கணினிப் பாடம் நடத்தும் வேகமும் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் நடத்தும் வேகமும் ஒன்றா? சமம் என்று காகிதத்தில் எழுதினால் சமமாகிவிடுமா? பட்டியல் வேறு வேறாக இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை என்று நான் நம்பவில்லை. அந்தந்தத் துறை தன் மூன்றாமாண்டுப் பாடத்துக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்கிறது.


இர்வைன்_மாணவி
ஜனவரி 13

நான் கம்யூனிட்டி காலேஜில் இருந்து யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தவள், அதனால் இதற்குப் பதில் சொல்கிறேன். முதல் குவார்ட்டர் அடி விழுந்தது உண்மை. பத்து வாரம்தான் மொத்தம், நாலாவது வாரம் மிட்டெர்ம். செமஸ்டர் கல்லூரியில் நாலாவது வாரத்தில் அப்போதுதான் புத்தகமே வாங்கியிருப்போம். அடி விழுந்தது வேகத்தில்தான். பாடத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. இரண்டாவது குவார்ட்டரில் பழகிவிட்டது.

யூசிக்கு டிரான்ஸ்ஃபராக வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நாலு வருஷத்துக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே வந்தவர்கள் நிற்கிறார்கள் அண்ணா. வாசலுக்கே வர முடியாமல் போகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.


கரும்பலகை
ஜனவரி 14

அந்த வாசல் கணக்கை நான் சொல்கிறேன். மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். 2017 முதல் 2019 வரை டிரான்ஸ்ஃபர் ஆகும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களில், நாலு வருஷத்துக்குள் உண்மையில் டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மீதி நாலு பேரும் எம்-3-யில் தோற்றவர்கள் இல்லை. பலர் வேலைக்குப் போய்விட்டார்கள், பலர் யூனிட் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1960-ல் மாநில உயர்கல்விக்கு மாஸ்டர் பிளான் போட்டபோது சொன்னது நினைவிருக்கட்டும். ஹைஸ்கூலில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, மூன்றில் ஒரு பங்கு கால் ஸ்டேட்டுக்கு, மற்ற எல்லாருக்கும் ஜூனியர் காலேஜ், அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ். அந்த மற்ற எல்லாருக்கும் மேலே ஏற ஓர் ஏணி இருக்கும் என்ற வாக்கில்தான் முதல் இரண்டு இடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஏணியில் படி விட்டுப்போனால் அது சலுகைக் குறைவு என்று சொல்லித் தள்ள முடியாது. வாக்குத் தவறியதுதான்.

சரி செய்கிறார்களா என்று முதல் பதிவில் கேட்டிருந்தார். செய்கிறார்கள், ஆனால் எளிதான பக்கத்தில் இருந்து. 2010-ல் எஸ்.பி. 1440 என்ற மாநிலச் சட்டம், இப்போது அமெரிக்க செனட்டராக இருக்கும் அலெக்ஸ் படியா கொண்டுவந்தது. அதில் பிறந்ததுதான் ஏ.டி.டி. என்கிற டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம். இங்கே 60 யூனிட், கால் ஸ்டேட்டில் இன்னொரு 60, முடிந்தது. அப்புறம் 2021-ல் ஏ.பி. 928 என்ற சட்டம். பொதுப் பாடங்களுக்கு யூசிக்கு ஒரு பட்டியல், கால் ஸ்டேட்டுக்கு ஒரு பட்டியல் என்று இருந்ததை ஒன்றாக்கி, கால்-கெட்சி என்று 34 யூனிட்டில் 2025 இலையுதிரில் இருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. அதே 2021-ன் ஏ.பி. 1111 சட்டப்படி எல்லாக் கல்லூரியிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண். இங்கிலீஷ், புள்ளியியல், உளவியல், அரசியல் அறிவியல் எல்லாம் சி1000 என்று மாறியதைப் பிள்ளைகளின் அட்டவணையில் பார்த்திருப்பீர்கள்.

நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொதுப் பாடத்தில் யூனிட் இழந்தவனை நான் அதிகம் பார்த்ததில்லை. சைக்காலஜி எங்கே எடுத்தாலும் எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும். ரத்தம் கசியும் இடம் மேஜர் பாடங்கள். கால்குலஸ், இயற்பியல், வேதியியல், புரோகிராமிங். அங்கே துறைகள் கையை எடுக்க மாட்டேன் என்கின்றன.

குறுக்குக்கேள்வி சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். துறை தனக்கு வேண்டியதைக் கேட்கலாம். ஆனால் ஒன்பது யூசி வளாகங்களின் துறைகளும் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரே பட்டியலைக் கேட்டால் குறைவது தரம் இல்லை, பிடிவாதம். யூசியே பல மேஜர்களுக்கு 'டிரான்ஸ்ஃபர் பாத்வேஸ்' என்று பொதுப் பட்டியல் போட்டுக் காட்டியது. முடியாதது இல்லை. ஆனால் அதைப் பின்பற்றினால் இடம் உறுதி என்று மட்டும் சொல்லவில்லை.


குறுக்குக்கேள்வி
ஜனவரி 14

மேஜர் பட்டியலை ஒன்றாக்கினால் எல்லா வளாகமும் கேட்பதைக் கூட்டி ஒரே மூட்டையாகத் தலையில் வைப்பார்கள். ஜாவாவும் எடு, சி பிளஸ் பிளஸும் எடு என்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.


கரும்பலகை
ஜனவரி 14

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. எஞ்சினியரிங்கில் ஏற்கெனவே 60 யூனிட்டுக்குள் அடங்காமல்தான் பல கல்லூரிகளில் ஏ.டி.டி.யே இல்லை. ஏ.பி. 928-ல் அறிவியல், எஞ்சினியரிங்குக்கு 66 யூனிட் வரை போகலாம் என்று தளர்வு கொடுத்தது அதனால்தான்.


பிளசண்டன்_அம்மா
ஜனவரி 15

எல்லாரும் பெரிய பெரிய சட்டம் பேசுகிறீர்கள். எனக்கு வீட்டுப் பிரச்சினை. மகள் இந்த வருஷம் ஹைஸ்கூல் சீனியர், கடைசி ஆண்டு. கம்யூனிட்டி காலேஜுக்கே போகிறேன் என்கிறாள், சந்தோஷமாகத்தான் சொல்கிறாள். எனக்கும் சம்மதம். ஆனால் பொங்கல் விழாவில் "பொண்ணு எங்க சேர்றா" என்று கேட்டதற்குப் பதில் சொன்னதும் அந்த அக்கா முகத்தில் ஒரு "அச்சச்சோ" வந்தது பாருங்கள், வீட்டுக்கு வந்தும் மறக்க முடியவில்லை. சர்க்கரைப் பொங்கலே இறங்கவில்லை.

சரி, அதை விடுங்கள். டாக் என்கிறார்கள், ஏ.டி.டி. என்கிறார்கள். இரண்டும் உத்தரவாதம்தானே? எது நல்லது?


இர்வைன்_மாணவி
ஜனவரி 15

ஆன்ட்டி, இரண்டும் வேறு.

டாக் என்பது யூசி வளாகம் முன்கூட்டியே தரும் சேர்க்கை உத்தரவாதம். ஆறு வளாகங்கள்தான் கொடுக்கின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ கொடுப்பதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் டாக் போடலாம். செப்டம்பர் மாதம் மட்டும்தான் திறந்திருக்கும், அப்புறம் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். நிறையப் பேர் டாக் போட்டதோடு முடிந்தது என்று நினைத்து அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்! குறிப்பிட்ட ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), குறிப்பிட்ட பாடங்கள் இருந்தால் இடம் உறுதி. ஆனால் சில மேஜர்களுக்குச் சில வளாகங்களில் டாக்கே கிடையாது. கணினி அறிவியல், எஞ்சினியரிங் என்றால் அந்த ஆண்டு டாக் அட்டவணையைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். நான் பொருளாதாரம், அதனால் தப்பித்தேன்.

ஏ.டி.டி. கால் ஸ்டேட்டுக்கு. அங்கே எங்கேயாவது ஓர் இடம் உறுதி. எங்கே என்பது உறுதி இல்லை.


பாலிடெக்னிக்_2003
ஜனவரி 15

அந்த "எங்கேயாவது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கால் ஸ்டேட்டில் சான் ஹோசே வளாகம் கேட்டான். உனக்கு ஹம்போல்ட்டில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கடிதம் வந்தது. இங்கிருந்து ஐந்து ஆறு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அவன் வீட்டில் இருந்து சாப்பிட்டு, மாலையில் டார்கெட் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் பையன். கல்யாணப் பந்தியில் உட்கார வைத்து, சாப்பாடு பக்கத்து ஊரில் என்றால் எப்படி?


குறுக்குக்கேள்வி
ஜனவரி 16

சான் ஹோசேயில் கணினி அறிவியல் வேண்டும் என்று பாதி பே ஏரியாவே கேட்கிறது. எந்தச் சட்டம் போட்டாலும் நாற்காலி எண்ணிக்கை மாறாது. இதைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.


கரும்பலகை
ஜனவரி 16

இது சரியான அடி. பட்டியலை ஒன்றாக்குவதற்குப் பைசா செலவு குறைவு, அதனால் சட்டமன்றம் அதைச் செய்கிறது. பேராசிரியரும் ஆய்வகமும் வேண்டும் என்றால் பட்ஜெட் வேண்டும்.

ஆனால் ஒன்று. நாற்காலி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பையன் வேறு மேஜர் யோசிப்பான், வேறு ஊர் யோசிப்பான். படித்த கால்குலஸ் செல்லாது என்று திருப்பி அனுப்பினால் என்ன யோசிப்பான்? என்னிடம் வருகிறவர்கள் "எனக்குக் கணக்கு வராது போல" என்று நினைக்கிறார்கள். 'ஏ' வாங்கிய பிள்ளை அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பிளசண்டன் அம்மாவுக்கு ஒரு செய்தி. 116 கல்லூரிகளுக்கும் தலைமைச் சான்சலராக 2023 முதல் இருப்பவர் சோனியா கிறிஸ்டியன். கொல்லத்தில் பிறந்தவர். பேக்கர்ஸ்ஃபீல்டு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு வாத்தியாராகத் தொடங்கியவர். அடுத்த பொங்கலில் அந்த அக்கா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.


பிளசண்டன்_அம்மா
ஜனவரி 16

ஐயோ இது தெரியாமல் போச்சே. மலையாளி அக்கா வேறு, அந்த அக்காவும் பாலக்காட்டுக்காரிதான்!

இன்னொன்று கேட்கணும். மகளுக்கு ஹைஸ்கூலில் எடுத்த ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், கல்லூரி நிலைப் பாடம்) வகுப்பு மதிப்பெண்கள் கொஞ்சம் இருக்கின்றன. கூடவே 60 யூனிட் எடுத்தால் யூனிட் அதிகமாகி யூசி சேர்க்காது என்று ஒருத்தர் பயமுறுத்தினார். 70-க்கு மேல் போகக்கூடாதாமே?


கரும்பலகை
ஜனவரி 17

பயப்பட வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் யூசி எண்ணிக்கையில் சேர்க்கும், அதற்கு மேல் எடுத்தது பாடமாகக் கணக்கில் வரும், யூனிட்டாக வராது. அதற்காக வெளியே தள்ளுவதில்லை. நாலு வருஷப் பல்கலைக்கழகத்தில் யூனிட் சேர்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல். ஏ.பி.யில் மட்டும் கவனம்: கம்யூனிட்டி காலேஜ், கால் ஸ்டேட், யூசி மூன்றும் ஒரே மதிப்பெண்ணுக்கு மூன்று விதமாக யூனிட் தரலாம்.


மட்டுறுத்துநர்
ஜனவரி 17

பெர்க்லி பெரிதா யூசிஎல்ஏ பெரிதா என்று நடந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.


வாடகைவீடு
பிப்ரவரி 27

மறுபடி வணக்கம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கரும்பலகை சார் சொன்னபடி பழைய கல்லூரியில் வசந்தக் குவார்ட்டருக்கு 1சி ஆன்லைனில் இடம் வாங்கிவிட்டான். பதிவு திறந்த அன்று காலையில் அவனும் நானும் ஆளுக்கொரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தோம், தட்கல் டிக்கெட் எடுப்பது போல. ஏப்ரலில் தொடங்குகிறது. கோடையில் 1டி-யையும் அங்கேயே எடுத்துவிடுவான். புதுக் கல்லூரியில் கால்குலஸ் 2-ஐ விட்டுவிட்டு இயற்பியலும் ஒரு புரோகிராமிங் பாடமும் எடுத்திருக்கிறான். அசிஸ்டில் ஐந்து வளாகங்களை எடுத்து ஒரு எக்செல் போட்டோம். ஐந்திலும் பொதுவாக வருவது பச்சை, ஒன்றில் மட்டும் வருவது சிவப்பு. முதலில் பச்சையை முடிக்கிறான். இந்த வேலையைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் செய்ததை அரசாங்கம் ஏன் செய்து வைக்கக்கூடாது என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

மூன்றாவது வருஷம் போனது போனதுதான். செப்டம்பரில் டாக், நவம்பரில் விண்ணப்பம்.

ஒரு சந்தேகம். விண்ணப்பத்தில் படித்த எல்லாக் கல்லூரியையும் போட வேண்டுமா? இரண்டு கல்லூரி சரி.


இர்வைன்_மாணவி
பிப்ரவரி 27

எல்லாமே அங்கிள். ஒரே ஒரு யூனிட் எடுத்திருந்தாலும், பாதியில் விட்டிருந்தாலும். மறைத்தால் பின்னால் சேர்க்கையையே ரத்து செய்வார்கள். இடம் கிடைத்த பிறகு ஒவ்வொரு கல்லூரியில் இருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) அனுப்ப வேண்டும்.


வாடகைவீடு
பிப்ரவரி 27

இப்போது கேட்டேன். ஹைஸ்கூல் படிக்கும்போது கோடையில் மூன்றாவது ஒரு கல்லூரியில் டென்னிஸ் எடுத்தானாம். ஒரு யூனிட். பி பிளஸ்.


இர்வைன்_மாணவி
பிப்ரவரி 27

டென்னிஸையும் போடுங்க.